ஏரிப் பெண்ணின் கடைசி அத்தியாயம்

பத்து வயதில் டொக்டருக்கு முன்னால் கதிரை நுனியில் உட்கார்ந்து, பெரியவர்களின் வயிற்றுவலியை ஆங்கிலத்தில் சொன்னவர்கள் உங்களில் எத்தனை பேர்? என் கணக்கில் நாம் எல்லோருமேதான். எண்பதுகளில் லண்டனில் கொண்டுவந்து இறக்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நாம். கவுன்சில் கடிதம், பெனிபிட் படிவம், பள்ளிக்கூட அறிக்கை எல்லாவற்றுக்கும் வீட்டில் நாம்தான் வாய். அந்த வாயால் நான் ஒரு தடவை செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது தலையில் பாதி நரைத்துவிட்டது. என் வயதுக்காரர்களான உங்களுக்குச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறேன். விளங்காவிட்டாலும் கேளுங்கள்.

எங்கள் வீடு ரெய்னர்ஸ் லேனில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ரயில் போனால் குசினியில் கவிழ்த்து வைத்த கோப்பைகள் ஒன்றோடொன்று இடிபடும். கீழே நானும் அப்பாவும் அம்மாவும். மேலே முன்னறையில் சித்தப்பா, அப்பாவின் தம்பி. பெற்றோல் நிலையத்தில் அவருக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் பின்னேரம் வரை எழும்பமாட்டார். அதனால் எங்கள் வீட்டில் பகல் என்பது குசுகுசுக்கிற நேரம். கதவை அடிக்கக் கூடாது, வானொலி போடக் கூடாது, தும்மல் வந்தால் தோட்டத்துக்கு ஓட வேண்டும். நான் இன்றும் படிகளில் ஓரமாகத்தான் கால் வைப்பேன். நடுவில் வைத்தால் மரம் கிறீச்சிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை.

அந்த வீட்டுக்கு ஓர் ஐப்பசிக் குளிரில் சித்தி வந்தார். கொழும்பிலிருந்து இரண்டு சூட்கேசுகளோடு வந்து இறங்கியவருக்கு, இரண்டு கிழமையில் சித்தப்பாவோடு பதிவுத் திருமணம் நடந்தது. பெண் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. ஊரில் இருந்த அவருடைய அம்மா அப்பாவுக்குப் படங்கள்தான் போயின. சித்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இன்று என் மகளுக்கு அதைவிட ஒரு வயது கூட. அன்று எனக்கு அவர் பெரிய மனுசியாகத் தெரிந்தார்.

அம்மா தொழிற்சாலைக்குப் பொதி கட்டப் போய்விடுவார். அப்பா தபால் பிரிக்கும் வேலையில். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது வீட்டில் விழித்திருப்பது சித்தி மட்டும்தான். ஈரக் கோட்டைக் கழற்றி ஹீற்றரின்மேல் போடுவார். நெருப்புக்குக் கிட்ட வைத்த கம்பளியின் மணமும் மிளகாய் வறுத்த நெடியும் சேர்ந்த அந்தக் குசினி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஒரு தட்டில் எனக்குப் புட்டும் சீனியும். பிறகு சித்தி தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்:

"இண்டைக்கு என்ன புத்தகம், ஆசிரியை அம்மா?"

சித்திக்கு நான்தான் ஆங்கில ஆசிரியை. ஊரில் நன்றாகப் படித்தவர். இலக்கணம் என்னைவிட அவருக்குத் தெரியும். ஆனால் கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் நூலகத்திலிருந்து கொண்டுவரும் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களை இருவரும் குசுகுசுவென்று வாசிப்போம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தெரியாத சொல் வந்தால் அதற்கு மேலே பென்சிலால் எறும்பு மாதிரித் தமிழில் எழுதிவைப்பார்.

"சித்தி, அது லைப்ரரிப் புத்தகம்!"

"அழிக்கலாம் பிள்ளை. பென்சில்தானே?"

ஒன்றையும் அவர் அழித்ததில்லை.

மார்கழி விடுமுறைக்கு முன் நான் கொண்டுவந்தது ஒரு நீல அட்டைப் புத்தகம். அட்டையில் ஒரு பெண் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நிற்கிறாள். பின்னால் ஒரு வெள்ளைப் பசு. வேல்ஸ் மலைநாட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை எடுத்துப் பிள்ளைகளுக்காகப் புதிதாக எழுதியது என்று பின்னட்டை சொன்னது. மலையடியில் ஒரு பண்ணை. அங்கே என் வயதில் ஒரு சிறுமி. அவளுடைய அம்மா உண்மையில் ஏரிக்குள்ளிருந்து வந்தவள். தகப்பன் அவளைக் கேட்டபோது அவள் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தாள். காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று. கலியாணமான பிறகு அவன் அதை மறந்துபோகிறான். சிறுமிக்கு விசயம் தெரியவரும்போது இரண்டு அடி ஏற்கனவே விழுந்துவிட்டது.

இந்த இடத்தில் சித்தி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறு, பொறு. மூண்டு அடிச்சால்தான் போவாளோ? அப்ப ரெண்டு அடிக்கலாம்?"

"ஓம் சித்தி, அப்பிடித்தான் இருக்கு."

"பரவாயில்லை. நல்ல மனுசர். எங்கட ஆக்கள் கணக்கே வைக்கிறேல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இன்று யோசிக்கிறேன்.

கதையில் அந்தப் பெண் போகும்போது தனியே போகமாட்டாள். அவள் ஏரியிலிருந்து கொண்டுவந்த மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். வயலில் நிற்பது, தொழுவத்தில் கட்டியிருப்பது எல்லாம் அறுத்துக்கொண்டு பின்னால் வரும். எனக்குப் பிடித்த பகுதி அது. சித்தி போவதென்றால் எதெல்லாம் பின்னால் போகும் என்று கட்டிலில் படுத்து எண்ணிப்பார்ப்பேன். இரண்டு சூட்கேசும் போகும். இடியப்ப உரல் போகும். அவர் சீட்டுக்காசில் வாங்கிய தையல் மெசின் தன் இரும்புக் காலால் தத்தித் தத்தி எங்கள் தெருவைக் கடக்கும். இதை அவரிடம் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் நான் பார்த்த முதல் அடியும் சிரிப்பால்தான் வந்தது. கதையில் ஒரு மலைக்குப் பெயர் வரும். எழுத்தெல்லாம் ஒரே மாதிரி வரிசையாக நிற்கும், இடையில் மூச்சுவிட ஓர் உயிரெழுத்தில்லை. நான் சொல்லிப் பார்த்தேன், எச்சில் பறந்தது. சித்தி சொல்லிப் பார்த்தார், அதைவிட மோசம். "எங்கட பேரைச் சொல்ல ஏலாது எண்டு உன்ர டீச்சர் முகத்தைச் சுழிக்கிறாவாம், இதை மட்டும் எப்பிடிச் சொல்லுறாவாம்?" என்றார். இரண்டு பேரும் குசினி அதிரச் சிரித்துவிட்டோம்.

மேலே கட்டில் அசைந்தது. படிகள் நடுவில் மிதிபட்டன. சித்தப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"மனுசன் நித்திரை கொள்ளுறதில்லையோ? ரெண்டு பேரும் என்ன கூத்தாடுறியள்?"

மேசையிலிருந்த பேப்பரைச் சுருட்டிச் சித்தியின் தலையில் ஒன்று போட்டார். பெரிதாக நோகும் அடியில்லை. கதையிலும் முதல் அடி அப்படித்தான் இருந்தது, கையுறையால் தோளில் தட்டியது மாதிரி. சித்தப்பா படியேறிப் போனதும் சித்தி தலைமயிரைத் தடவிச் சரிசெய்துகொண்டு, "வாசி" என்றார். நான் வாசித்தேன். ஆனால் என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அன்று ஒரு கோடு போட்டேன்.

இரண்டாவது கோடு தைமாதத்தில். கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அப்பாவின் உறவில் ஒரு கலியாணம். நிலத்துக்குப் பூசிய மெழுகு வாடையும் சாம்பார் மணமும் கலந்திருந்தன. நாதஸ்வரம் கசெட்டில். தாலி கட்டும் நேரம் பார்த்துச் சித்தி அழத் தொடங்கினார். மெல்லியதாக அல்ல, தோள் குலுங்க. மணப்பெண்ணின் தாய் பக்கத்தில் நின்று மகளின் சேலைத் தலைப்பைச் சரிசெய்ததைப் பார்த்துத்தான் அழுதார் என்று நினைக்கிறேன். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா அவரைக் கையில் பிடித்து வெளியே கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன். கோட்டுகள் மாட்டியிருந்த நடை அது. சுவரில் சின்னப் பிள்ளைகள் கீறிய படங்கள்.

"ஆக்கள் பாக்கினம். நான் உன்னை வைச்சுக் கொடுமை செய்யிறன் எண்டெல்லோ கதைப்பினம்?" என்றபடி பிடரியில் அறைந்தார். சித்தி கோட்டுகளுக்குள் முகம் புதைய விழுந்து நிமிர்ந்தார்.

கதையிலும் இரண்டாம் அடி ஒரு கலியாண வீட்டில்தான் விழும். எல்லோரும் மகிழ்ந்திருக்கும்போது ஏரிப் பெண் அழுவாள், புருசன் வெட்கப்பட்டு அடிப்பான். புத்தகத்தில் இருப்பது எங்கள் வீட்டில் நடக்கத் தொடங்கிவிட்டது என்று நான் முழுதாக நம்பினேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

அதற்குப் பிறகு நான் சித்தியைப் பூங்கா வழியாக வர விடவில்லை. அங்கே வாத்துகள் நீந்தும் ஒரு குட்டை உண்டு. குட்டையா ஏரியா என்று தண்ணீருக்குத் தெரியுமா என்ன? கடைக்குப் போவதென்றாலும் பெரிய ரோட்டால் சுற்றி இழுத்துக்கொண்டு போவேன். சித்தி தண்ணீரைப் பார்த்து நின்றால் கோட்டைப் பிடித்து இழுப்பேன். "ஏன் பிள்ளை, வாத்து உன்னைக் கடிச்சதோ?" என்று கேட்பார்.

கதையில் அந்தச் சிறுமியும் காவல்தான் இருக்கிறாள். தகப்பனின் தடியை ஒளிக்கிறாள். குறுக்கே போய் நிற்கிறாள். ஒருநாள் மூன்றாவது அடியும் விழுந்துவிடுகிறது. சிறுமி அதை மறைக்கிறாள். காற்றில் கதவு அடித்தது, அடி இல்லை என்று ஊருக்கெல்லாம் பொய் சொல்கிறாள். அம்மா போகவில்லை. நான் வாசித்தது அதுவரைதான். இன்னும் ஓர் அத்தியாயம் இருந்தது.

அது எனக்குக் கிடைக்காமல் போனதற்கு நானே காரணம். ஒருநாள் பயம் தாங்காமல் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "அம்மா, சித்தப்பா இன்னும் ஒருக்கா அடிச்சால் சித்தி தண்ணிக்குள்ள போயிடுவா."

அம்மா மாப் பிசைந்துகொண்டிருந்தார். கை நின்றது. "ஆர் சொன்னது? சித்தியோ?"

"இல்லை. புத்தகத்தில இருக்கு."

அவ்வளவுதான். பின்னேரம் நான் தேடும்போது புத்தகம் இல்லை. "லைப்ரரியில குடுத்தாச்சு" என்றார் அம்மா. "விசர்க் கதையெல்லாம் வாசிச்சு நீயும் கெட்டு, அவளையும் கெடுக்கிறாய். குடும்பம் எண்டால் நாலும் இருக்கும்." சித்தி அடுப்படியில் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது அடி மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம். பின்வாசலால் வந்தேன். குசினிக் கதவின் கண்ணாடியில் ஓரங்களில் நீராவி படர்ந்திருந்தது. தண்ணீர் கொதித்துக் கேத்தில் கூவிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை, பார்க்க மட்டும்தான் முடிந்தது. சித்தப்பாவின் கை முழு வீச்சில் போய்ச் சித்தியின் இடது காதோடு பட்டது. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காரணமில்லாத அடி என்று புத்தகம் சொன்னதை நான் அதுவரை சும்மா ஒரு சொல்லாகத்தான் வாசித்திருந்தேன்.

அவர் மேலே போனதும் நான் உள்ளே போனேன். சித்தி காதைப் பொத்திக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையை எடுத்தார்.

"சப்பாத்தைக் கழட்டு பிள்ளை. நிலம் ஈரம்."

நான் அந்தக் கோட்டைப் போடவில்லை. கணக்குக் கொப்பியில் இரண்டே இருந்தது. போடாவிட்டால் நடக்கவில்லை என்றுதான் பொருள், இல்லையா?

அடுத்த நாளே காதிலிருந்து நீர் வடியத் தொடங்கியது. அம்மா எண்ணெய் காய்ச்சி விட்டார். "குளிர் அடிச்சிருக்கும்" என்றார், யாரும் கேட்காமலே. வியாழன் காலை அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பின், சித்தி என் பள்ளிக்கூடப் பையை வாங்கி மூலையில் வைத்தார்.

"இண்டைக்கு ஸ்கூல் வேண்டாம். என்னோட டொக்டரிட்ட வா. நான் சொல்லுறதை நீ இங்கிலீசில சொன்னால் போதும்."

அவர் கலியாணப் பதிவுக்கு உடுத்த நீலச் சேலையை உடுத்தி, மேலே கோட் போட்டிருந்தார். அழகாகத் தலை வாரியிருந்தார். கைப்பை பாரமாகத் தொங்கியது. பஸ்ஸில் சில்லறை எடுக்கத் திறந்தபோது உள்ளே பார்த்தேன். கடவுச்சீட்டு, நகைப் பெட்டி, ஊரிலிருந்து வந்த கடிதக் கட்டு. டொக்டருக்கு இதெல்லாம் காட்ட வேண்டுமாக்கும் என்று நினைத்தேன். கவுன்சிலுக்குப் போனால் எல்லாப் பத்திரமும் கொண்டுபோவோம் அல்லவா?

டொக்டர் வயதான வெள்ளைக்காரர். கை சுத்தமாக, சவர்க்கார மணத்தோடு. சின்ன விளக்கைக் காதில் வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, இது எப்படி நடந்தது என்று அவரிடம் கேள் என்றார்.

நான் கேட்டேன். சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் குரலில் நடுக்கம் இல்லை.

"அவர் அடிச்சவர் எண்டு சொல்லு. மூண்டு தரம் எண்டு சொல்லு. நீ பாத்தனி எண்டும் சொல்லு."

மூன்று என்ற சொல் என் நெஞ்சில் விழுந்தது. கணக்குக் கொப்பியை இவர் எப்போது பார்த்தார்? சொன்னால் எண்ணிக்கை முடிந்துவிடும். முடிந்தால் போய்விடுவார். ஈரக் கோட்டை வாங்கி ஹீற்றரில் போட ஆள் இருக்காது. தையல் மெசின் தத்தித் தத்திப் போய்விடும். அந்தச் சிறுமி பொய் சொல்லித்தானே தன் அம்மாவை வைத்திருந்தாள்?

"படியில் விழுந்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

டொக்டர் உடனே எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நிச்சயமாகத்தானா? இன்னொரு தடவை அவரிடமே கேள்" என்றார். நல்ல மனிதர். எங்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் என்று இப்போது தெரிகிறது.

நான் சித்தியின் பக்கம் திரும்பினேன். "சித்தி, காது நோகுதோ?" என்று கேட்டேன்.

சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை. என்னால் ஏலாது. பிறகு தலையை ஆட்டினார். "ஓம்" என்றார்.

"ஆம் என்கிறார், விழுந்ததுதான்" என்றேன் டொக்டரிடம்.

நான்கு மாதம் என்னோடு உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசித்தவருக்கு, விழுவது என்ற ஆங்கிலச் சொல் தெரியாமல் இருந்திருக்குமா? நான் சொன்னது ஒவ்வொன்றும் அவருக்கு விளங்கியது. அவர் நினைத்திருந்தால் தன் உடைந்த ஆங்கிலத்திலேயே மறுத்திருக்கலாம். என்னைப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லையோ, அல்லது தன் பக்கம் நின்ற ஒரே ஆளும் போய்விட்டது என்று சோர்ந்துவிட்டாரோ, அறியேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் இருந்தோம். நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். என்னவோ சொன்னேன், அவர் திரும்பவில்லை. பிறகுதான் எழும்பி அவருடைய வலது பக்கம் மாறி உட்கார்ந்தேன். கொஞ்சத் தூரம் போனபின் அவர் கேட்டார்.

"பிள்ளை, நீ எத்தினை எண்ணி வைச்சிருக்கிறாய்?"

"ரெண்டு."

"சரி. ரெண்டு எண்டே வைச்சிரு."

சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் கோட் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குக் கையுறை இல்லை, குளிர். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அன்று நான் சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன். சித்தப்பா எழும்பும் முன் சித்தி சேலையை மாற்றிப் புட்டு அவித்து வைத்துவிட்டார்.

சித்தி போகவில்லை. நான் கேட்டது அதுதானே? அந்தக் கோடையில் சித்தப்பாவுக்குத் தெற்கு லண்டனில் சட்டன் பக்கம் வேலை கிடைத்து இருவரும் அங்கே வீடு மாறிப் போனார்கள். பிள்ளைகள் இல்லை. பிறந்தநாள், தீபாவளி, செத்தவீடு என்று வருடத்துக்கு மூன்று நாலு தடவை காண்போம். நான் எப்போதும் அவருக்கு வலது பக்கம் பார்த்து உட்காருவேன். "வாங்கோ. சாப்பிட்டியளோ? பிள்ளையள் சுகமோ?" என்பார். எனக்கு வயது ஏற ஏற நீ என்பது போய் நீங்கள் என்பது வந்தது. புத்தகம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தொண்ணூறுகளில் ஒருமுறை, பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்த நான், அவருடைய கையில் பச்சையாகக் கன்றிய ஓர் அடையாளத்தைக் கண்டு, "சித்தி, என்னோட வாங்கோ, நான் சொல்லுறன், இப்ப சொல்லுறன்" என்றேன். அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டார். "படியில விழுந்தனான் பிள்ளை" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

போன மார்கழியில் சித்தி போனார். இருதயம். செத்தவீட்டில் பெண்கள் கூறைச்சேலை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து அவரைக் கிடத்தியிருந்தார்கள். "குடுத்து வைச்சவள். பூவோட பொட்டோட போயிட்டாள்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சித்தப்பா கைத்தடியை ஊன்றி நின்று வாய்விட்டு அழுதார். அவரை நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள். அவர் அழுகை பொய்யென்று நான் சொல்லமாட்டேன். எட்டாம் நாள் போனபோது தையல் மெசின் நடையில் கிடந்தது. கழிவுப் பொருட்களோடு கவுன்சில் வண்டி ஏற்றிப்போக வைத்திருந்தார்கள். அது எங்கும் தத்திப் போகவில்லை.

இந்தச் சித்திரையில் அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். முழங்கால் ஏலாது, படி ஏற முடியாது. ரெய்னர்ஸ் லேன் வீட்டை ஒதுக்கும்போது அம்மாவின் அலுமாரி அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே, பழைய துவாயில் சுற்றி ஏதோ கிடந்தது. நீல அட்டை. இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண்.

"அம்மா, இதைக் குடுத்தாச்சு எண்டனீங்கள்?"

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஓ, அதோ. அவள் முழுக்கப் பென்சிலால கிறுக்கி வைச்சிருந்தாள். வெள்ளைக்காரன்ர புத்தகத்தை அப்பிடி எப்பிடிக் கொண்டுபோய் நீட்டுறது? வெட்கக்கேடு. துலைஞ்சு போச்சு எண்டு அப்பா போய்ச் சொன்னவர்."

கட்டிலில் இருந்து விரித்தேன். நான் வாசித்து நிறுத்திய இடம் தெரியும், அந்தப் பக்கத்தில் புட்டுச் சீனி ஒட்டிய கறை இன்னும் இருந்தது. எறும்பு எழுத்துகள் அதோடு நின்றிருக்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அடுத்த பக்கத்திலும் இருந்தன. அதற்கடுத்த பக்கத்திலும். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த பகல்களில், சித்தப்பா மேலே தூங்க, சித்தி தனியாக உட்கார்ந்து கடைசி வரி வரை வாசித்து முடித்திருக்கிறார். அம்மா எடுத்து ஒளிக்கும் முன்பே.

கடைசி அத்தியாயத்தில், சிறுமியின் பொய்யால் அடைபட்டுப்போன அந்த ஏரிப் பெண் நாளுக்கு நாள் வற்றிப்போகிறாள். தலைமயிர் காய்ந்த புல்லாகிறது. பேச்சு நின்றுவிடுகிறது. அப்போதுதான் சிறுமிக்கு நிபந்தனையின் மறுபாதி தெரியவருகிறது. அடிபட்டவள் தானாகப் போக முடியாது. கண்ணால் பார்த்த ஒருவர் வெளியாளின் முன்னால் மூன்று அடியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஏரி திறக்கும். சிறுமி அழுதழுது கரையில் நின்று சொல்கிறாள். அம்மா போகிறாள், மாடுகள் எல்லாம் பின்னால் போகின்றன. அந்தப் பக்கத்தில் சித்தி சொற்களுக்கு மேலே எழுதவில்லை. ஓரத்தில் ஒரு முழு வரி எழுதியிருந்தார். பென்சிலை அழுத்தி எழுதியதில் மறுபக்கம்வரை பதிந்திருந்தது.

"பார்த்த பிள்ளை சொன்னால் போதும்."

மூன்று தரம் என்று ஏன் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் பட்டது முப்பதோ, முந்நூறோ. என் கணக்குக் கொப்பியை அவர் பார்க்கவேயில்லை. நானும் கடைசி அத்தியாயத்தை வாசித்திருப்பேன் என்று நம்பி, எனக்குத் தெரிந்த கதையின் மொழியில் என்னிடம் கேட்டிருக்கிறார். நீலச் சேலை உடுத்தி, கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு, திரும்பி வராத எண்ணத்தோடு வந்திருக்கிறார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியுந்தானே?" என்று கேட்டேன். "சித்திக்குக் காது எப்பிடிப் போனது எண்டு?"

அம்மா சேலைகளை மடித்துக்கொண்டே இருந்தார். "தெரியாமலோ? ஒரே வீடு. அது அப்ப எல்லா வீட்டிலயும் இருந்ததுதான். இப்ப சொல்லி ஆருக்கு என்ன?"

ஆருக்கும் ஒன்றுமில்லை. சித்தி இல்லை. அந்த டொக்டரும் இருக்கமாட்டார். ஆனாலும் அம்மா, நான் சொல்லத்தான் போகிறேன். என்னைப் போலவே டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்தவர்களே, நீங்கள் அந்த டொக்டருடைய இடத்தில் இருந்து கேளுங்கள்.

முதலாவது, குசினியில், சுருட்டிய பேப்பரால் தலையில். இரண்டாவது, கிங்ஸ்பரி மண்டபத்து நடையில், கோட்டுகளுக்குப் பக்கத்தில், பிடரியில். மூன்றாவது, கேத்தில் கூவிய நேரம், இடது காதில். மூன்றையும் நான் பார்த்தேன். சித்தப்பா அடித்தார். என் சித்தி படியில் விழவில்லை.